சிறு வீடும் கட்டடக் கலைஞரும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தின் இரைச்சலைக் கடந்து கோட்டை வாயிலுக்குள் நுழைவோர், பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் பழைய அக்கிரகார வீடுகள் சிலவற்றை இன்றும் காணலாம். தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய அந்தணர்களுக்காக எழுந்த தெருக்கள் அவை. ஒவ்வொரு வீட்டின் முகப்பும் குறுகியது. ஆனால் உள்ளே நீளம் மிகுதி. தெருவை ஒட்டித் திண்ணை, அதற்கப்பால் நடை, நடுவே வானம் தெரியும் முற்றம், பின்னால் சமையற்கட்டு, கடைசியில் கிணறு என்ற வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. பல வீடுகள் இடிக்கப்பட்டு அவ்விடங்களில் கான்கிரீட் மாடிகள் எழுந்துவிட்டன. எஞ்சியவற்றுள் ஒன்றில் நண்பகலில் நுழைந்தால், வெளியே கொளுத்தும் வெயில் உள்ளே நிழலாகவும் மெல்லிய காற்றாகவும் மாறியிருப்பதை உடல் உடனே உணரும்.

இது தற்செயலாக அமைந்ததன்று. அடுத்தடுத்த வீடுகள் பக்கச் சுவரைப் பகிர்ந்துகொள்வதால், பத்து வீடுகளுக்கு 20 நெடுஞ்சுவர்கள் தேவைப்படும் இடத்தில் 11 சுவர்கள் போதும். சுவர் குறைந்தால் செலவும் குறைகிறது. வெயில் படும் பரப்பும் குறைகிறது. முற்றத்தின் வழியே வெப்பக் காற்று மேலெழும்பி வெளியேற, தெருப்பக்கத்திலிருந்து காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. தாழ்ந்திறங்கிய ஓட்டுக் கூரை மழைச்சாரலைச் சுவரில் படவிடாமல் காக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் ஊருக்கு இது சிறு நன்மையன்று.

இவற்றையெல்லாம் முன்கூட்டியே சிந்தித்து வகுத்தவர் ஒருவர் இருந்தார். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் அவருக்கு மூத்தாசாரி என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூசத் இயற்றிய ‘மனுஷ்யாலய சந்திரிகை’ போன்ற நூல்களின் விதிகளை வாய்மொழியாகவும் கையளவாகவும் அறிந்தவர் அவர். மனையைப் பார்ப்பதும், கோல் அளப்பதும், மரம் தேர்வதும், கொத்தனுக்கும் தச்சனுக்கும் வேலை சொல்வதும் அவர் பொறுப்பே. கோட்டைக்குள், சுவாதித் திருநாள் மகாராஜா கட்டுவித்த புத்தன் மாளிகையின் இறவாரத்தைத் தாங்கும் 122 மரக் குதிரைகளைக் கண்டு வியப்போர் பலர். ஆயினும் அக்குதிரைகளைவிட, அவற்றுக்கு மேல் அந்த இறவாரம் எவ்வளவு வெளியே நீண்டு நிற்கிறது என்பதே வீடு கட்டுவோர் கவனிக்க வேண்டிய செய்தி.

இன்று சிறு வீடு கட்டுவோரிடையே அந்த இடம் பெரும்பாலும் காலியாக உள்ளது. ஒப்பந்தக்காரர் இருக்கிறார்; மேஸ்திரி இருக்கிறார்; நகராட்சிக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவரும் இருக்கிறார். ஆனால் கட்டத் தொடங்குமுன் குடும்பத்தையும் மனையையும் ஒருசேர வைத்து எண்ணிப் பார்ப்பவர் இல்லை. வேறு ஒருவருடைய வீட்டுப் படம் கை மாறி வருகிறது. அதில் அறைகளின் எண்ணிக்கை பொருந்தினால் போதும் என்று வானம் தோண்டிவிடுகின்றனர். நடுத்தரக் குடும்பம் ஒன்று வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு வீடுதான். அதற்கு வாங்கும் கடன் 15, 20 ஆண்டுகள் தொடர்வது. சட்டை தைக்க அளவெடுக்கச் சொல்பவர்கள், இவ்வளவு பெரிய செலவை அளவெடாமலே செய்வது விந்தை.

ஆர்க்கிடெக்ட் என்று மக்கள் வழங்கும் கட்டடக் கலைஞரின் வேலை இந்தக் காலியிடத்தை நிரப்புவது. கட்டடப் பொறியாளர் உத்திரம் எவ்வளவு சுமை தாங்கும், கம்பி எத்தனை வேண்டும் என்று கணிப்பார். ஒப்பந்தக்காரர் பொருளும் ஆளும் சேர்த்துக் கட்டி முடிப்பார். அறை எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு போதும், எது வேண்டியதில்லை என்பதை முடிவு செய்ய உதவுபவர் கட்டடக் கலைஞர். மாளிகை கட்டுவோருக்கே இவர் தேவை என்பது பரவலான எண்ணம். அது தவறு என்பதற்கு இந்தியாவிலேயே மிகத் தெளிவான சான்று கிழக்கேகோட்டையிலிருந்து சில மைல் சுற்றளவில் கிடைக்கிறது.

பேக்கரின் வழி

லாரி பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்து, அங்கேயே கட்டடக் கலை பயின்றவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மருத்துவத் தொண்டராகச் சீனாவில் பணியாற்றிவிட்டுத் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தார். அங்கே அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அவ்வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்று அடிகள் கூறிய கருத்து, அவருடைய தொழில் முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று. 1945இல் தொழுநோய் மருத்துவமனைகளைச் சீரமைக்கும் கட்டடக் கலைஞராக இந்தியாவுக்கு வந்தார். மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலை அடுக்கிலுள்ள பித்தோராகரில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கு மலைவாசிகள் கல்லும் மண்ணும் மரமும் கொண்டு கட்டுவதைக் கண்டபோது, தாம் கல்லூரியில் படித்த பலவற்றை மறந்து புதிதாகக் கற்க நேர்ந்தது. 1963இல் கேரளத்துக்குக் குடிபெயர்ந்து, 1970 வாக்கில் திருவனந்தபுரத்தில் நிலைத்தார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2007 ஏப்ரல் 1 அன்று அந்நகரிலேயே காலமானார்.

நாலாஞ்சிறையில் அவர் தமக்கெனக் கட்டிய வீடு, கட்டடத்துக்குத் தகுதியற்றது என்று பிறர் ஒதுக்கக்கூடிய பாறைச் சரிவில் நிற்கிறது. சரிவை வெட்டிச் சமப்படுத்த அவர் முயலவில்லை. சரிவின் போக்கிலேயே அறைகள் ஏறி இறங்குகின்றன. மரங்கள் நின்ற இடத்தில் நின்றன. இடித்த கட்டடங்களிலிருந்து கிடைத்த பழைய கதவுகளும் மரச் சட்டங்களும் அங்கே மீண்டும் பயன்பட்டன. முதலமைச்சர் அச்சுத மேனன் காலத்தில், பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் முன்னின்று நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் உள்ளூர் வளாகமும் பேக்கரின் வேலையே. அக்கட்டடத்தைக் கண்ட பின்னர்தான் செங்கல்லும் சுண்ணாம்பும் ஏழைக்கு மட்டும் உரியவை என்ற தயக்கம் நகரத்தாரிடம் சற்றே தளர்ந்தது. ஆயினும் பேக்கர் கட்டியவற்றுள் பெரும்பாலானவை எழுத்தர், ஆசிரியர், ஓய்வு பெற்றவர், குடிசைவாசி ஆகியோரின் சிறு வீடுகளே.

அவருடைய முதல் வேலை வரைவதன்று, கேட்பது. வீட்டில் எத்தனை பேர், முதியோர் உளரா, படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், விருந்தினர் எவ்வளவு அடிக்கடி வருவர், சமையல் விறகிலா எரிவாயுவிலா, கையிலுள்ள பணம் எவ்வளவு என்பவற்றையெல்லாம் குடும்பத்தாரிடமே கேட்டறிவார். பிறகு மனையில் நடந்து பார்ப்பார். கேட்ட ஒவ்வொரு பொருளுக்கும் ‘இது தேவைதானா?’ என்ற வினாவை எழுப்புவது அவர் வழக்கம். வேலை நடக்கும்போது கொத்தனாருடன் நேரில் நின்று, தேவையானால் சுவர் பாதி எழுந்த நிலையிலும் திருத்தம் சொல்வார். எல்லாக் கட்டடக் கலைஞர்களும் இவ்வாறு களத்தில் நிற்பவர்கள் என்று சொல்வதற்கில்லை. ஆகவே ஒருவரை அமர்த்துமுன் அவர் எத்தனை முறை மனைக்கு வருவார் என்று கேட்பது நாணப்பட வேண்டிய கேள்வியன்று.

மனையும் வெயிலும்

திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8½ பாகையில் உள்ளது. இதன் விளைவு பலர் அறியாதது. சித்திரை தொடக்கம் முதல் ஆவணி நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஏனைய மாதங்களில் தெற்கே சாய்கிறது. ஆகவே வடக்குச் சுவர் எப்போதும் நிழலில் இருக்கும் என்று வட இந்தியப் பாடநூலைப் பார்த்துக் கட்டிய வீடு இங்கே ஏமாற்றும். எனினும் வடக்கிலும் தெற்கிலும் வெயில் உயரத்திலிருந்து விழுவதால் இரண்டடி இறவாரமே அதைத் தடுத்துவிடும். துன்பம் தருவது மேற்கு வெயில். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அது தாழ்ந்து வந்து சுவரை நேரே அடிக்கிறது. சுவர் அவ்வெப்பத்தை உறிஞ்சி வைத்து, குடும்பம் உறங்கும் நேரத்தில் உள்ளே விடுகிறது. படுக்கையறை மேற்கில் அமைந்த வீட்டில் மின்விசிறி இரவெல்லாம் சுழல்வது இதனாலேயே. மாடிப்படி, குளியலறை, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றை மேற்கே தள்ளினால் அவை குடையாக நின்று மற்ற அறைகளைக் காக்கும். இதற்கு ஒரு காசும் கூடுதலாக ஆவதில்லை. ஆனால் கடைக்கால் போட்ட பின்னர் எவ்வளவு காசு கொடுத்தாலும் இதனைச் செய்ய இயலாது.

இடத்தை வீணாக்குவதும் இவ்வாறே தாளிலேயே நிகழ்ந்துவிடும் பிழை. ஓர் ஆசிரியர் குடும்பம் மூன்று சென்டு மனையில், அதாவது ஏறத்தாழ 1,300 சதுர அடியில், வீடு கட்டுவதாகக் கொள்க. கையில் வந்த படத்தில் அறைகளை இணைக்க 3 அடி அகலமும் 25 அடி நீளமும் உள்ள நடைவழி ஒன்று இருக்கிறது. அதன் பரப்பு 75 சதுர அடி. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால், நடப்பதற்கு மட்டுமே பயன்படும் அந்த இடத்தின் விலை 1,50,000 ரூபாய். அத்தொகை நூற்றுக்கு 8½ வட்டியில் 20 ஆண்டுக் கடனாக இருந்தால் மாதந்தோறும் ஏறத்தாழ 1,300 ரூபாய் செலுத்த வேண்டும். கடன் தீரும்போது கட்டிய தொகை 3,12,000 ரூபாயைத் தாண்டும். கூடத்தைச் சுற்றி அறைகளை அமைத்து, கூடத்தையே வழியாகவும் பயன்படுத்தும் படத்தில் இந்த நடை மறைந்துவிடும். அக்கிரகார வீட்டின் முற்றத்துத் தாழ்வாரம் செய்த வேலையும் இதுவே.

அறையின் வடிவமும் சுவரின் நீளத்தை மாற்றுகிறது. 100 சதுர அடி பரப்பை 20 அடிக்கு 5 அடி நீள்சதுரமாக்கினால் சுற்றளவு 50 அடி. 10 அடிச் சதுரமாக்கினால் 40 அடி. வட்டமாக்கினால் ஏறத்தாழ 35½ அடி. பேக்கர் வட்டச் சுவர்களையும் வளைந்த சுவர்களையும் விரும்பியதற்கு அழகு மட்டும் காரணமன்று. ஆனால் கட்டிலும் அலமாரியும் நேர்விளிம்பு உடையவை என்பதால் வட்ட அறை எல்லோருக்கும் ஏற்றதாகாது. சதுரத்தை நெருங்கிய அறைகளே சிறு வீட்டுக்குப் போதுமானவை.

செங்கல்லின் கணக்கு

பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறைகளுள் எலிப்பொறிக் கட்டு முதன்மையானது. வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல் படுக்கையாக வைக்கப்படுகிறது. எலிப்பொறிக் கட்டில் அது விளிம்பின்மேல் நிறுத்தி வைக்கப்படுகிறது. சுவரின் இரு முகங்களிலும் நீளவாக்கில் ஒவ்வொரு கல், அவற்றை அடுத்து இரு முகங்களையும் பிணைக்கக் குறுக்காக ஒரு கல் என்று வரிசை செல்லும். இரு முகங்களுக்கும் இடையே மூன்று அங்குல வெற்றிடம் எஞ்சும். மேலிருந்து பார்த்தால் அது பொறிக்கூண்டைப் போலத் தோன்றுவதால் இப்பெயர்.

இதன் சிக்கனத்தைக் கரும்பலகையிலேயே காட்டலாம். சாந்தின் கனத்தையும் சேர்த்துச் செங்கல் 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் என்று கொள்க. வழக்கமான சுவரில், சுவர் முகத்தின் 9 அங்குலத்துக்கு 3 அங்குலம், அதாவது 27 சதுர அங்குலத்துக்கு, இரண்டு கற்கள் செல்கின்றன. ஒரு கல்லின் பங்கு 13½ சதுர அங்குலம். எலிப்பொறிக் கட்டில் 12 அங்குல நீளத்துக்கு 4½ அங்குல உயரம், அதாவது 54 சதுர அங்குலத்துக்கு, மூன்று கற்கள். ஒரு கல்லின் பங்கு 18 சதுர அங்குலம். பத்தடிக்குப் பத்தடிச் சுவர் ஒன்றுக்கு முதல் முறையில் ஏறத்தாழ 1,067 கற்கள், இரண்டாம் முறையில் 800 கற்கள். நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது. இணைப்புகள் குறைவதால் சாந்தும் குறையும். உள்ளே அடைபட்ட காற்று வெப்பம் கடப்பதைத் தாமதப்படுத்துவதால் அறை வழக்கமான சுவருள்ள அறையைவிடக் குளிர்ந்திருக்கும். கல் நன்றாகச் சுடப்பட்டு, இணைப்புகள் ஒழுங்காக இருந்தால் வெளிப்பூச்சும் வேண்டியதில்லை. பூச்சு இல்லையேல் ஆண்டுதோறும் வண்ணம் பூசும் செலவும் இல்லை.

இவ்வளவு எளிதாயின் கொத்தனாரிடம் சொல்லிக் கட்டிக்கொள்ளலாமே, கட்டடக் கலைஞர் எதற்கு என்ற ஐயம் எழும். கடைக்காலை அடுத்த முதல் வரிசையும், சாளரத்தின் அடியும், தளம் உட்காரும் மேல் வரிசையும் வெற்றிடமின்றித் திடமாக இருத்தல் வேண்டும். மூலைகளையும் கதவோரங்களையும் வலுப்படுத்த வேண்டும். மின்குழாய் எந்த வெற்றிடத்தின் வழியே செல்லும் என்பது முன்பே குறிக்கப்பட வேண்டும். இல்லையேல் முடிந்த சுவரைக் கொத்திப் பிளக்க நேரும். அறையின் நீளம் 12 அங்குல அளவுக்குப் பொருந்தி வராவிடில் ஒவ்வொரு வரிசையிலும் கல்லை உடைக்க வேண்டியிருக்கும். மிச்சமான கல் உடைசலாகக் குவியும். முறை கொத்தனாருடையது; அம்முறைக்கு ஏற்ற அளவுகளை முதலிலேயே வீடு முழுவதற்கும் வகுப்பது படம் வரைபவருடையது.

தளத்திலும் இதே சிந்தனை உண்டு. கான்கிரீட் தளம் வளையும்போது அதன் மேற்பகுதி அழுத்தத்தையும் அடிப்பகுதி இழுவிசையையும் ஏற்கிறது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும்; இழுவிசையைத் தாங்குவது கம்பியே. ஆகவே அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையிலுள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமைதான். அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்ப்பதே நிரப்புத் தளம். தளத்தின் எடை குறைவதால் கம்பியும் குறைகிறது. இத்தளத்தில் கம்பியின் இடைவெளியைப் பொறியாளர் கணித்தே தர வேண்டும். கண்ணளவில் செய்யத் தக்கதன்று.

சாளரத்தைப் பற்றித் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஓர் அளவு கூறுகிறது. வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளில் வாழும் அறைக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு இருத்தல் வேண்டும். வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். 10 அடிக்கு 12 அடி அறைக்கு இங்கே 20 சதுர அடி திறப்பு தேவை. அவ்வளவையும் மரச்சட்டம், கண்ணாடி, இரும்புக் கம்பி ஆகியவற்றால் அமைத்தால், அதே பரப்புள்ள செங்கற் சுவரைவிடப் பன்மடங்கு செலவாகும். பேக்கர் அதில் ஒரு பகுதியைச் சாளரமாகவும், மறு பகுதியைச் செங்கற்களை இடைவிட்டு அடுக்கிய ஜாலியாகவும் பிரித்தார். ஜாலி காற்றையும் மங்கிய ஒளியையும் விடும், திருடனை விடாது, கதவோ கொக்கியோ வேண்டாதது. ஆனால் அது கொசுவையும் சாலைப் புழுதியையும் சேர்த்தே உள்ளே விடும். நெரிசலான தெருவில் ஜாலிக்குப் பின்னால் வலையடிக்க இடம் விடாத வீடுகளில், குடியிருப்போர் சில ஆண்டுகளில் அதை அட்டையாலும் பிளாஸ்டிக் தாளாலும் அடைத்துவிடுகின்றனர். அது ஜாலியின் குற்றமன்று. தெருவைப் பாராமல் படத்தை மட்டும் பார்த்தவரின் குற்றம்.

இவ்வளவையும் ஒரே கட்டடத்தில் காண விரும்புவோர் கிழக்கேகோட்டையிலிருந்து நடந்தே தம்பானூருக்குச் செல்லலாம். பேருந்து நிலையத்தை அடுத்து, செங்கற் சுருளாக மேலேறி நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ் பேக்கர் வடிவமைத்தது. குறுகிய இடத்தில் மாடிகளும் படிக்கட்டும் தனித்தனியாகக் கட்டினால் இருக்கைக்கு இடம் எஞ்சாது. ஆகவே மாடி, படி என்ற வேறுபாட்டையே நீக்கி, தரையைச் சாய்ந்த சுருள்வழியாக மேலே கொண்டு சென்றார். மேசைகளும் இருக்கைகளும் வெளிச் சுவரை ஒட்டிக் கட்டடத்தோடு கட்டடமாகவே கட்டப்பட்டுள்ளன. சுவரிலுள்ள திறப்புகளே ஒளியும் காற்றும் தருகின்றன. தோசைத் தட்டுடன் அந்தச் சாய்தளத்தில் ஏறி இறங்கும் பணியாளரின் கால்களுக்கு அது சுகம்தானா என்பது வேறு கேள்வி.

ஊதியமும் பதிவும்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டப்படி, கட்டடக் கலைஞர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டவரே அப்பெயரைத் தொழிற்பெயராக வழங்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு, மன்றத்தின் பட்டியலில் சரிபார்த்தல் எவருக்கும் எளிது. ஊதியம் பெரும்பாலும் கட்டடச் செலவின் நூற்றுவீதமாகவோ, பேசி முடித்த ஒரே தொகையாகவோ இருக்கும். செலவின் வீதமாக ஊதியம் பெறுபவருக்குச் செலவைக் குறைப்பதில் என்ன நாட்டம் இருக்கும் என்று சிலர் கேட்பது நியாயமே. சிறு வீட்டுக்கு முன்கூட்டியே பேசி முடித்த தொகையே நல்லது. அத்தொகைக்கு எத்தனை வரைபடங்கள், எத்தனை வருகைகள், அனுமதிக்கான தாள்கள் அடங்குமா அடங்காதா என்பவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும். முன்னர்க் கூறிய 75 சதுர அடி நடைவழி ஒன்றை நீக்கினாலே 1,50,000 ரூபாய் மிஞ்சும். 20 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு நூற்றுக்கு ஐந்து என ஊதியம் கொடுத்தாலும் அது 1,00,000 ரூபாய்தான்.

அழைக்க வேண்டிய காலம் மனை வாங்கியபின் என்பர் பலர். இயலுமாயின் மனை வாங்குமுன்பே ஒருமுறை காட்டுதல் நலம். நீர் தேங்கும் மனை, வண்டி செல்லாத மனை, எல்லையிலிருந்து விட வேண்டிய இடத்தை விட்டால் வீட்டுக்கே இடம் எஞ்சாத மனை ஆகியன மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் நகராட்சிக் கட்டட விதிகளும் ஊராட்சிக் கட்டட விதிகளும் 2019இல் புதிதாக வகுக்கப்பட்டன. கிழக்கேகோட்டையின் பழைய மதிலோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதனருகே கட்ட எண்ணுவோர் விதிகளை முன்னரே அறியாவிடில், கட்டியதை இடிக்கும் ஆணையில் வந்து முடியலாம்.

பேக்கரின் பெயர் பரவியபின் அவருடைய தோற்றத்தை மட்டும் நகல் செய்யும் வழக்கமும் பரவியது. கான்கிரீட் வீட்டின் முகப்பில் செங்கல் நிறத்து ஓடுகளை ஒட்டி, ஒரு வளைவும் இரண்டு ஜாலியும் சேர்த்துவிட்டால் அது பேக்கர் வீடாகிவிடாது. செலவு கூடிய சாதாரண வீடே ஆகும். வேறொரு மாற்றமும் நேர்ந்துள்ளது. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வயல் மண்ணை வெட்டிச் செங்கல் சுடுவது கட்டுப்பட்டது. அது சூழலுக்கு நல்லதே. ஆனால் நல்ல செங்கல் தொலைவிலிருந்து வர வேண்டுமாயின், ஐந்து மைல் என்ற கருத்துப்படி அங்கே செங்கல் சரியான பொருளாகாது. செம்புரைக் கல்லோ, அழுத்திய மண் கட்டியோ, இடித்த வீட்டின் பழைய கல்லோ பொருத்தமாகலாம். எது என்று அந்தந்த இடத்தில் கணக்கிட்டுச் சொல்வதே கட்டடக் கலைஞருக்குக் கொடுக்கும் ஊதியத்தின் பயன்.

தனியே ஊதியம் கொடுக்க இயலாதோருக்கும் வழிகள் உள்ளன. அச்சுத மேனன், கே. என். ராஜ், பேக்கர் முதலியோர் சேர்ந்து 1985இல் தோற்றுவித்த காஸ்ட்ஃபோர்டு அமைப்பு குறைந்த செலவில் வீடுகளை வடிவமைத்துக் கட்டித் தருகிறது. கொத்தனார்களுக்கும் பயிற்சி அளிக்கிறது. கிழக்கேகோட்டைக்கு அண்மையிலுள்ள கரிமடம் காலனியில் குடிசைகளுக்கு மாற்றாக எழுந்த அடுக்கு வீடுகளும் அவ்வமைப்பு வடிவமைத்தவையே. 1980களின் நடுவில் கொல்லத்தில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் பரவிய நிர்மிதி கேந்திரங்களும் இத்துறையில் உதவுகின்றன. அரசின் வீட்டு மானியம் பெறும் குடும்பங்களிடையே பணியாற்றும் களப்பணியாளர், முதல் தவணை கைக்கு வருமுன்னரே இவ்வமைப்புகளில் ஒன்றுக்கு அக்குடும்பத்தை அழைத்துச் செல்லுதல் வேண்டும். தவணை வந்தபின் கடைக்கால் காத்திராது.

பள்ளியில் செய்து பார்த்தற்கு

எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்க்கு இதனை ஒரு வாரச் செய்முறையாக்கலாம். ஒவ்வொருவரும் தம் வீட்டை அளந்து, ஓர் அடிக்கு ஒரு கட்டம் என்ற அளவில் கட்டத்தாளில் வரைதல் வேண்டும். காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி ஆகிய மூன்று வேளைகளில் எந்தச் சுவரில் வெயில் படுகிறது என்பதை மூன்று வண்ணங்களால் குறிக்கலாம். நடப்பதற்கு மட்டும் பயன்படும் கட்டங்களை எண்ணி, ஊரில் வழங்கும் சதுர அடி விலையால் பெருக்குதல் அடுத்த வேலை. ஒவ்வோர் அறையின் திறப்பையும் தரைப்பரப்பால் வகுத்து, ஆறில் ஒன்று வருகிறதா என்று பார்த்தல் பிறிதொன்று. வகுப்பில் எவரேனும் அக்கிரகாரத்திலோ பழைய ஓட்டு வீட்டிலோ வாழ்பவராயின், அவர் வரைந்த தாளையும் புதிய வீட்டில் வாழ்பவர் வரைந்த தாளையும் அருகருகே சுவரில் ஒட்டி வைக்கலாம். வகுப்பறையையும் அதே முறையில் அளக்க மாணவர் விரும்புவர், தடுக்க வேண்டியதில்லை.